ஃபேன் பிளேடின் மேல் விழும் காற்று விசையை நியூரல் நெட்வொர்க் கணித்துத் தருமா?

நூற்பாலைகளின் ஹியூமிடிஃபிகேஷன் பிளாண்ட்டுகளுக்கு (ஆலைக் காற்றின் ஈரப்பதத்தைக் காக்கும் அமைப்புகளுக்கு) ஆக்ஸியல் ஃபேன் (காற்றை அச்சுத் திசையில் தள்ளும் ஃபேன்) செய்து கொடுக்கும் கோவைப் பட்டறை ஒன்றில் வடிவமைப்பைக் கவனித்துக்கொள்வதாக எழுதி, மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஒரு பிளேடு வடிவத்தை, காற்றோட்டத்தைக் கணினியில் கணக்கிடும் சி.எஃப்.டி. மென்பொருளில் ஓட்டி அதன் மேற்பரப்பில் விழும் விசையை அறிய ஓர் இரவு ஆகிவிடுகிறது. அதையே, முன்பு கிடைத்த விடைகளிலிருந்து கற்றுக்கொண்டு கணிக்கும் நிரலான நியூரல் நெட்வொர்க் ஒன்று நொடியில் சொல்லுமா என்பது முதல் கேள்வி. அதைப் பயிற்றுவிக்க எத்தனை சி.எஃப்.டி. ஓட்டங்கள் வேண்டும் என்பது இரண்டாவது. அது சொல்வதை நம்பிப் பிளேடுக்கு மோல்டு அடிக்கலாமா என்பது மூன்றாவது.

நொடியில் சொல்லும், அதில் ஐயமில்லை. பயிற்சி பெற்ற நெட்வொர்க் ஒன்று, சில ஆயிரம் புள்ளிகள் கொண்ட பிளேடு மேற்பரப்பு முழுவதற்கும் அழுத்தத்தையும் உராய்வையும் சாதாரண கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றிலேயே ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் தந்துவிடும். ஆனால் இந்த முயற்சியில் எளிதாகக் கைக்கு வருவது வேகம்தான். புள்ளிக்குப் புள்ளி பார்த்தால் மிகச் சரியாகத் தெரிகிற ஒரு நெட்வொர்க், உங்களுக்குத் தேவையான மொத்த விசையில், அதிலும் குறிப்பாக மின் செலவில் வீணாகும் பங்கைத் தீர்மானிக்கும் இழுவையில் (பிளேடின் நகர்வை எதிர்க்கும் விசையில்), பெரும் பிழை செய்யக்கூடும். ஏன் அப்படி நேர்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொண்டால் மற்ற முடிவுகள் பெரும்பாலும் அதிலிருந்தே வந்துவிடும் என்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பிளேடின் மேற்பரப்பைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்தால், ஒவ்வொரு துண்டின் மேலும் காற்று இரண்டு வகையில் வேலை செய்கிறது. ஒன்று, பரப்புக்குச் செங்குத்தாகத் தள்ளும் அழுத்தம். மற்றொன்று, பரப்பை ஒட்டித் தேய்த்துச் செல்லும் உராய்வு. இவ்விரண்டையும் துண்டின் பரப்பளவால் பெருக்கி, திசையோடு சேர்த்துக் கூட்டினால் மொத்த விசை கிடைக்கிறது. நெட்வொர்க்கிடம் நாம் கேட்பது ஒவ்வொரு புள்ளிக்கும் அழுத்தத்துக்கு ஓர் எண், உராய்வுக்கு மூன்று திசைக் கூறுகள், அவ்வளவுதான். சிக்கல் முழுவதும் அந்தக் கூட்டலில் இருக்கிறது. பிளேடின் முன்பாதியில் முன்னோக்கி இழுக்கும் உறிஞ்சலும் பின்பாதியில் பின்னோக்கி இழுக்கும் உறிஞ்சலும் தனித்தனியே பெரியவை. அவை ஒன்றையொன்று கழித்துக்கொண்ட பிறகு எஞ்சும் மிகச் சிறிய மிச்சமே அழுத்தத்தால் வரும் இழுவை. ஈரோட்டுச் சந்தைக்குப் போகும் மஞ்சள் லாரியை எடை மேடையில் ஓட்டுநரோடு ஒருமுறையும் அவரை இறக்கிவிட்டு ஒருமுறையும் நிறுத்தி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து ஓட்டுநரின் எடையைக் கண்டுபிடிப்பது போன்ற வேலை இது. மேடையின் பிழை அரை சதவீதம்தான் என்றாலும் ஓட்டுநரின் எடை எங்கேயோ போய்விடும்.

எண்களில் வைத்துப் பார்ப்போம். தூக்கு விசை என்பது காற்று வரும் திசைக்குச் செங்குத்தான விசை; அதன் குணகம் 0.8, இழுவைக் குணகம் 0.012 என்று ஒரு பிளேடு வெட்டுமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல ஏரோஃபாயில் (இறக்கையின் வெட்டுமுக வடிவம்) ஒன்றுக்கு இவை இயல்பான மதிப்புகள். நெட்வொர்க் கணித்த அழுத்தப் பரவல் ஏறக்குறைய முழுதும் சரியாக இருந்து, அதன் தொகுவிசை மட்டும் கால் டிகிரி பின்பக்கம் சாய்ந்துவிட்டது என்று வைப்போம். 0.8-ஐக் கால் டிகிரியின் சைனால் பெருக்கினால் 0.0035 வருகிறது. தூக்கு விசையில் ஒன்றும் தெரியாது. இழுவையிலோ இது 29 சதவீதப் பிழை. அழுத்த வரைபடத்தை சி.எஃப்.டி. வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தால் இரண்டு கோடுகளும் ஒன்றாகவே தெரியும். அந்தப் படத்தைக் காட்டித்தான் பல விளக்கவுரைகளில் "மாதிரி வேலை செய்கிறது" என்கிறார்கள். அந்தப் படத்தை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

இது உங்கள் ஃபேனில் எவ்வளவு பெரிய விஷயம்? 1.6 மீட்டர் விட்டம், நிமிடத்துக்கு 970 சுற்று, அச்சுத் திசையில் காற்று வேகம் நொடிக்கு 12 மீட்டர் என்று கொள்வோம். ஆரத்தில் 70 சதவீத இடத்தில் பிளேடின் வேகம் நொடிக்கு சுமார் 57 மீட்டர். காற்று பிளேடை நோக்கி வரும் கோணம் ஏறக்குறைய 12 டிகிரி. அங்கே முறுக்கு விசையை உண்டாக்கும் கூறில் தூக்கு விசையின் பங்கு சுமார் 0.165, இழுவையின் பங்கு சுமார் 0.012. அதாவது மோட்டார் கொடுக்கும் முறுக்கு விசையில் நூற்றுக்கு ஏழு பங்குதான் பிளேடு இழுவையால் வருகிறது. ஆகவே மேற்சொன்ன 29 சதவீதப் பிழை, முறுக்கு விசையில் வெறும் 2 சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது. மோட்டார் எத்தனை கிலோவாட் என்று தேர்ந்தெடுக்க இந்தத் துல்லியம் தாராளமாகப் போதும். ஆனால் இரண்டு பிளேடு வடிவங்களில் எது மின்சாரம் குறைவாகத் தின்கிறது என்று ஒப்பிடும்போது, நீங்கள் தேடுகிற வித்தியாசமே ஒன்றிரண்டு சதவீதம்தான். பிழையும் அதே அளவுதான். 15 கிலோவாட் இழுக்கும் ஒரு ஃபேன், மூன்று ஷிஃப்ட்டும் ஓடும் மில்லில் ஆண்டுக்கு 350 நாள் சுழன்றால் 1,26,000 யூனிட் ஆகிறது. அதில் 2 சதவீதம் என்பது 2,520 யூனிட். ஒரு மில்லில் எத்தனை சப்ளை ஃபேன், எத்தனை ரிட்டர்ன் ஃபேன் இருக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். எனவே, "துல்லியம் எவ்வளவு" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "எந்த முடிவை எடுப்பதற்கு இந்த எண் வேண்டும்" என்று கேட்டுக்கொண்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

அடுத்து, தரவு. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தொகுப்புகளைக் கொண்டு தொடங்கலாமா என்று பலரும் நினைப்பதுண்டு. 2022-இல் வெளியான ஏர்ஃப்ரான்ஸ் தொகுப்பில் இருபரிமாண ஏரோஃபாயில்களின் 1,000 ஓட்டங்கள் உள்ளன. நன்றாகச் செய்யப்பட்ட தொகுப்பு அது. ஆனால் அதன் ரெனால்ட்ஸ் எண் (வேகம், அளவு, காற்றின் பாகுத்தன்மை மூன்றையும் சேர்த்து ஓட்டத்தின் தன்மையைக் காட்டும் எண்) 20 லட்சத்திலிருந்து 60 லட்சம் வரை. உங்கள் பிளேடின் நாண் நீளம் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையான தூரம்) 20 சென்டிமீட்டர் என்றால், நம் ஊர் வெயிலில் சூடான காற்றுக்கு ரெனால்ட்ஸ் எண் 7 லட்சத்தை ஒட்டித்தான் வரும். உடுமலை, பல்லடம் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் சுழலும் காற்றாலைகளின் இறக்கை, நாண் ஒரு மீட்டரும் காற்று வேகம் நொடிக்கு 60 மீட்டரும் உள்ள இடத்தில், 37 லட்சத்துக்கு மேல் போகிறது. அந்தத் தொகுப்பு அதற்குப் பொருந்தும். உங்களுக்குப் பொருந்தாது. 7 லட்சத்தில் எல்லைப் படலம் (பரப்பை ஒட்டிய மெல்லிய காற்று அடுக்கு) பிளேடின் கணிசமான நீளத்துக்குச் சீராகவே ஓடி, பிறகு கொந்தளிப்பாக மாறக்கூடும். அந்த மாற்றம் எங்கே நிகழ்கிறது என்பதைப் பொறுத்தே உராய்வு அமைகிறது. முழுதும் கொந்தளிப்பு என்று கொண்டு செய்த ஓட்டங்களில் பயின்ற நெட்வொர்க்குக்கு அப்படி ஒரு விஷயம் இருப்பதே தெரிந்திருக்காது.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். தனி வெட்டுமுகம் ஒன்றின் தூக்கு விசையும் இழுவையும் மட்டுமே வேண்டுமென்றால் நெட்வொர்க்கே தேவையில்லை. எம்.ஐ.டி.யில் மார்க் ட்ரேலா 1986-இல் உருவாக்கிய எக்ஸ்ஃபாயில், எல்லைப் படல மாற்றத்தையும் கணக்கில் கொண்டு, சில நொடிகளில் விடை தந்துவிடுகிறது. அதன் விடைகளில் பயின்ற நியூரல்ஃபாயில் என்ற இலவசக் கருவியும் இருக்கிறது. ஆயிரக்கணக்கான வெட்டுமுகங்களைச் சலித்தெடுக்க அது மிகவும் உதவும். நீங்கள் சொந்தமாக ஒரு நெட்வொர்க்கைப் பயிற்றுவிக்க வேண்டிய இடம், இந்தக் கருவிகள் காணாத முப்பரிமாண விளைவுகள்: பிளேடு முனைக்கும் கேசிங்குக்கும் உள்ள இடைவெளியில் கசியும் காற்று, ஹப் (பிளேடுகளைத் தாங்கும் நடுப்பகுதி) ஓரத்தில் காற்று பரப்பை விட்டுப் பிரிவது, சுழற்சியால் எல்லைப் படலம் வெளிப்பக்கம் வீசப்படுவது. இதனால் நான் பரிந்துரைப்பது, எளிய முறையில் கிடைக்கும் விடைக்கும் முழு சி.எஃப்.டி. விடைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் நெட்வொர்க்குக்குக் கற்றுக்கொடுப்பதுதான். வித்தியாசம் சிறியது, மெல்ல மாறுவது. முழு விசையைக் கற்பதைவிட மிகக் குறைந்த ஓட்டங்களில் அதைக் கற்றுவிடலாம்.

எத்தனை ஓட்டங்கள் என்பதற்கு விடை, உங்கள் பிளேடு எத்தனை வழிகளில் மாறலாம் என்பதில் இருக்கிறது. ஹப் விகிதம், பிளேடு எண்ணிக்கை, நான்கு வெட்டுமுகங்களில் நாண் நீளமும் முறுக்குக் கோணமும், வளைவு, முனை இடைவெளி, காற்றின் அளவு என்று எழுதிப் பார்த்தால் 12 முதல் 15 அளவுருக்களுக்குள் அடங்கிவிடும். அந்த அளவுக்கு, அந்த அளவுருக்களின் வீச்சு முழுவதும் பரவலாகத் தெரிந்தெடுத்த 200 ஓட்டங்களைக் கொண்டு தொடங்கலாம் என்பது என் மதிப்பீடு. போதவில்லையென்றால் எங்கே போதவில்லை என்பதை அந்த 200-ஏ காட்டிவிடும். எல்லா ஓட்டங்களும் ஒரே மெஷ் (கணக்குக்காகக் காற்று வெளியைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் வலை) அமைப்பு, ஒரே கொந்தளிப்பு மாதிரி, ஒரே குவிவு அளவுகோலுடன் (கணக்கை எப்போது நிறுத்துவது என்ற அளவுடன்) இருக்க வேண்டும். அதற்கு முன்னால், ஒரு வடிவத்தையாவது மூன்று மெஷ் அடர்த்திகளில் ஓட்டி, மெஷ் மாறும்போது இழுவை எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். அது 3 சதவீதம் நகர்ந்தால், நெட்வொர்க் எவ்வளவு சிறப்பாகப் பயின்றாலும் அந்த 3 சதவீதத்துக்கு உள்ளே அதன் சொல்லுக்குப் பொருளில்லை.

எந்த வகை நெட்வொர்க் என்ற பேச்சில் புதிய பெயர்களுக்குக் குறைவில்லை. 2017-இல் வந்த பாயின்ட்நெட், 2020-இல் டீப்மைண்ட் வெளியிட்ட மெஷ்கிராஃப்நெட்ஸ், அதே ஆண்டு வந்த ஃபூரியர் நியூரல் ஆபரேட்டர், அதற்குப் பின் டிரான்ஸ்ஃபார்மரை அடிப்படையாகக் கொண்டவை எனப் பல உண்டு. கார் வடிவங்களைப் போல ஒவ்வொன்றின் மெஷ்ஷும் வேறுபடும் இடத்தில் இவை இன்றியமையாதவை. உங்கள் பிளேடுகளோ ஒரே குடும்பம். எல்லாப் பிளேடுகளின் மேலும், ஹப்பிலிருந்து முனை வரை 60 வரிசை, நாணைச் சுற்றி 160 புள்ளி என்று ஒரே கட்டமைப்பில் 9,600 புள்ளிகளை அமைத்துக்கொள்ள முடியும். அப்படிச் செய்தால் 200 அழுத்தப் பரவல்களையும் ஓர் அணியாக அடுக்கி, அவற்றில் திரும்பத் திரும்ப வரும் அடிப்படை வடிவங்கள் பத்திருபதைப் பிரித்தெடுத்து, அளவுருக்களிலிருந்து அந்த வடிவங்களின் கெழுக்களை மட்டும் கணிக்கும் சிறிய நெட்வொர்க் ஒன்றைப் பயிற்றுவிக்கலாம். இதற்கு விலையுயர்ந்த கணினி வேண்டாம். பயிற்சி சில நிமிடங்களில் முடியும். எங்கே பிழைக்கிறது என்பதும் எளிதில் புலப்படும். இதைச் செய்து பார்த்து, இதன் எல்லை தெரிந்த பிறகு பெரிய மாதிரிகளுக்குப் போவதே முறை என்று உறுதியாக நம்புகிறேன்.

பிற்பாடு மெஷ் அடிப்படையிலான மாதிரிக்குப் போவதாக இருந்தால், காற்றின் ஓர் இயல்பை மறக்கக் கூடாது. உங்கள் ஃபேனின் வேகம் ஒலியின் வேகத்தைவிட மிகக் குறைவு. அந்த நிலையில் அழுத்தம் என்பது பிளேடு முழுவதும் ஒரே நேரத்தில் தீர்மானமாகும் விஷயம், பின்விளிம்பில் ஏற்படும் சிறு மாற்றம் முன்விளிம்பின் அழுத்தத்தையும் மாற்றும். அண்டைப் புள்ளிகளோடு மட்டும் தகவலைப் பரிமாறிக்கொள்ளும் நெட்வொர்க், மெஷ்கிராஃப்நெட்ஸின் வழக்கமான அமைப்பைப் போல 15 சுற்றுகள் மட்டுமே பேசினால், நாணைச் சுற்றி 160 புள்ளிகள் உள்ள பிளேடில் பின்விளிம்பின் செய்தி முன்விளிம்பை எட்டாது. தொலைவுப் புள்ளிகளையும் இணைக்கும் அமைப்பையோ, அடர்த்தி குறைந்த மெஷ் ஒன்றை மேலே வைத்து இரண்டு நிலைகளில் பேச வைக்கும் அமைப்பையோ தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

பயிற்சியின்போது பிழையை எப்படி அளக்கிறோம் என்பது, எந்த நெட்வொர்க் என்பதைவிட முக்கியமானது. புள்ளிக்குப் புள்ளி பிழையைச் சராசரி எடுத்தால், முன்விளிம்பில் நெருக்கமாகக் குவிந்திருக்கும் புள்ளிகளே எண்ணிக்கை பலத்தால் பயிற்சியை ஆள்கின்றன. ஆகவே ஒவ்வொரு புள்ளியின் பிழையையும் அது நிற்கும் துண்டின் பரப்பளவால் எடையிட வேண்டும். அதோடு நின்றுவிட்டால் முன்விளிம்பின் உறிஞ்சல் கவனிப்பாரற்றுப் போகும். இழுவையைக் குறைத்துத் தருவதே அந்த உறிஞ்சல்தான். ஆகையால் கூட்டிய பின் கிடைக்கும் அச்சு விசை, முறுக்கு விசை இரண்டின் பிழையையும் தனி உறுப்பாகச் சேருங்கள். அழுத்தத்தையும் உராய்வையும் தனித்தனியே அளவுசெய்யுங்கள். உராய்வின் எண்கள் அழுத்தத்தைவிட மிகச் சிறியவை, ஒன்றாகப் போட்டால் நெட்வொர்க் உராய்வைக் கண்டுகொள்ளாது. உராய்வு எப்போதும் பரப்பை ஒட்டியே இருக்கும் என்பதால், நெட்வொர்க் தரும் உராய்விலிருந்து செங்குத்துக் கூறைக் கழித்துவிடுவது ஒரு வரி நிரலில் முடியும் வேலை. இயற்பியல் சமன்பாடுகளையே பிழைச் சார்பாக வைத்து, தரவு இல்லாமல் பயிற்றுவிக்கும் முறையையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். இத்தனை மெல்லிய எல்லைப் படலமும் கொந்தளிப்பும் உள்ள ஓட்டத்துக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

சோதனை செய்யும்போது, புள்ளிகளையோ ஓட்டங்களையோ தற்போக்காகப் பிரிக்காதீர்கள். ஒரே பிளேடின் ஐந்து காற்று அளவுகளில் நான்கு பயிற்சியிலும் ஒன்று சோதனையிலும் இருந்தால், நெட்வொர்க் இடைக்கணிப்பு மட்டுமே செய்து நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். முழுப் பிளேடுகளையே ஒதுக்கி வையுங்கள். அந்தப் பிளேடுகளை இரண்டிரண்டாக எடுத்து, எது திறமை மிக்கது என்று நெட்வொர்க் சொல்லும் வரிசை சி.எஃப்.டி. சொல்லும் வரிசையோடு எத்தனை முறை ஒத்துப்போகிறது என்று எண்ணுங்கள். வடிவமைப்பாளருக்கு வேண்டிய தேர்வு இதுதான்.

மில்லில் ஓடும் ஃபேனுக்கே உரிய ஒன்றைத் தனியாகச் சொல்கிறேன். பஞ்சுத் தூசி ஃபில்டரில் படியப் படிய எதிர்ப்பு கூடுகிறது, காற்றின் அளவு குறைகிறது, பிளேடைக் காற்று சந்திக்கும் கோணம் ஏறிக்கொண்டே போகிறது, கடைசியில் பிளேடு ஸ்டால் ஆகிறது, அதாவது காற்று பரப்பை விட்டுப் பிரிந்து தூக்கு விசை சரிகிறது. வடிவமைப்புப் புள்ளியைச் சுற்றி மட்டும் பயின்ற நெட்வொர்க், இந்த நிலையிலும் தயங்காமல் ஓர் எண்ணைத் தரும். அந்த எண் தூக்கு விசை இன்னும் ஏறுவதாகவே காட்டும். பயிற்சியில் குறைந்த காற்று அளவுகளைச் சேர்த்தால் ஓரளவு சரியாகும். ஆனால் ஸ்டாலுக்கு உள்ளே ஓட்டம் நேரத்தோடு மாறிக்கொண்டே இருப்பதால், நிலையான ஓட்டம் என்று கொண்டு செய்த சி.எஃப்.டி.யின் விடையே அங்கே நம்பத்தக்கதன்று. ஆகவே ஸ்டால் தொடங்கும் எல்லைக்கு இப்பால் மட்டும் நெட்வொர்க்கைப் பயன்படுத்துங்கள். அந்த எல்லையைச் சோதனைக் கூடத்தில் அளந்து தெரிந்துகொள்ளுங்கள். நெட்வொர்க்கின் தடுமாற்றத்தைக் கண்டுகொள்ள, வெவ்வேறு தொடக்கங்களிலிருந்து ஐந்து நெட்வொர்க்குகளைப் பயிற்றுவித்து, அவற்றின் விடைகள் எங்கே பிரிகின்றனவோ அந்த வடிவங்களை சி.எஃப்.டி.க்கு அனுப்பும் வழக்கம் நல்ல பலன் தருகிறது.

நெட்வொர்க்கை வைத்துத் தானியங்கியாகச் சிறந்த வடிவம் தேடும்போது எச்சரிக்கை இன்னும் அதிகம் வேண்டும். தேடும் நிரல், திறமையான பிளேடைத் தேடிப் போவதாக நாம் நினைப்போம்; அது நெட்வொர்க் எங்கே அதிகமாகத் தவறுகிறதோ அங்கே போய் நிற்கும், ஏனெனில் மிக உயர்ந்த திறமை அங்கேதான் "தெரிகிறது". தேடல் காட்டிய முதல் பத்து வடிவங்களை சி.எஃப்.டி.யில் ஓட்டி, அந்த விடைகளைப் பயிற்சியில் சேர்த்து, மறுபடியும் தேடுங்கள். நெட்வொர்க் சொன்னதும் சி.எஃப்.டி. சொன்னதும் அடுத்தடுத்த சுற்றுகளில் நெருங்கி வந்தால் நம்பலாம்.

மூன்றாவது கேள்விக்கு இதிலேயே விடை வந்துவிட்டது. நெட்வொர்க்கை நம்பி மோல்டு அடிக்க வேண்டாம். நூறு வடிவங்களிலிருந்து ஐந்தைத் தேர்ந்தெடுக்க அதை நம்புங்கள். ஐந்திலிருந்து ஒன்றை சி.எஃப்.டி. தேர்ந்தெடுக்கட்டும், அந்த ஒன்றை ஃபேன் சோதனைக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 5801 முறைப்படி குழாயில் பொருத்தி அளந்த பிறகு மில்லுக்கு எண் கொடுங்கள்.

இத்தனையும் உங்களுக்குத் தேவைதானா என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஓட்டத்துக்கு 6 மணி நேரம் என்றால் 200 ஓட்டங்களுக்கு 1,200 மணி நேரம். உங்கள் கணினி இரவும் பகலும் 50 நாள் ஓட வேண்டும். ஆண்டுக்கு நான்கைந்து புதிய பிளேடுகள்தான் வடிவமைக்கிறீர்கள் என்றால், முந்தைய வடிவத்தின் விடையைத் தொடக்கமாகக் கொடுத்து சி.எஃப்.டி.யையே ஓட்டுங்கள், பாதி நேரம் அதிலேயே மிச்சமாகக்கூடும். ஒவ்வொரு மில்லின் ஆர்டருக்கும் காற்று அளவும் அழுத்தமும் மாறி, ஒவ்வொன்றுக்கும் பல பத்து வடிவங்களை ஒப்பிட வேண்டியிருந்தால் நெட்வொர்க் தன் விலையை முதல் ஆண்டிலேயே திருப்பிக் கொடுத்துவிடும். இதுவரை ஓட்டிய கோப்புகள் பட்டறையில் சேர்ந்திருக்கும். அவற்றில் எத்தனை ஒரே மெஷ் முறையிலும் ஒரே கொந்தளிப்பு மாதிரியிலும் செய்யப்பட்டவை என்று முதலில் பிரித்தெடுத்து எழுதுங்கள். புதிதாக ஓட்ட வேண்டியது எவ்வளவு என்பது அதன் பிறகே தெரியும்.